கித்தான் ஓவியத்தை வீட்டில் இழுத்துக் கட்டிச் சட்டமிட்டு மாட்டுதல்

கித்தான் ஓவியம் என்பது முரட்டுத் துணியின் மேல் அடிப்பூச்சு பூசி, அதன் மேல் எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக் வண்ணமோ கொண்டு வரையப்படும் ஓவியம் ஆகும். பேச்சு வழக்கில் கேன்வாஸ் ஓவியம் எனப்படுகிறது. வரைந்து முடித்த துணியை மரச் சட்டகத்தில் இழுத்துக் கட்டுதல், அதைச் சுற்றி வெளிச்சட்டம் இடுதல், சுவரில் மாட்டுதல் ஆகிய மூன்று வேலைகளையும் தச்சரின் சிறு உதவியோடு வீட்டிலேயே செய்யலாம்.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி போன்ற சிற்றூர்களில் இதன் தேவை மிகுதி. கும்பகோணத்திலோ சென்னையிலோ உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்று திரும்பும் மாணவர் தம் படைப்புகளைச் சட்டகத்திலிருந்து கழற்றி, சுருட்டித்தான் பேருந்தில் கொண்டுவருகிறார். வந்த சுருள் பரணில் ஏறுகிறது. ஓட்டு வீட்டிலும் தகர வேய்ந்த வீட்டிலும் பரண்தான் கோடையில் மிகச் சூடான இடம். சில ஆண்டுகள் கழித்து விரிக்கும்போது வண்ணம் குறுக்குவாட்டில் வெடித்திருக்கும். மறுவழி, ஊரிலுள்ள படக்கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு வாங்குவது. அது ஏன் தவறு என்பது பின்னர் விளக்கப்படுகிறது.

பின்வரும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. துணி அசையும் பொருள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது நீளும், சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் விட்டால் ஓவியம் நிலைக்கும்; அசையவிடாமல் ஒட்டியோ அறைந்தோ இறுக்கினால், அசைவு முழுவதும் வண்ணத்தின் மேல் வந்து விழும்.

பின்னணி

ஐரோப்பாவில் நெடுங்காலம் மரப்பலகையின் மேல்தான் ஓவியம் தீட்டினர். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வெனிசு நகரில் துணி ஓவியம் பரவியது. அது கப்பல்கள் நிறைந்த துறைமுகம்; பாய்மரத் துணிக்குப் பஞ்சமில்லை. கடற்காற்றில் சுவரோவியம் உதிர்ந்ததும் அங்கே துணிக்கு மாறியதற்கு ஒரு காரணம். தொடக்கத்தில் மூலைகள் அசையாத சட்டகத்தில் துணியை ஆணியடித்தனர். மூலையில் ஆப்பு செருகி விரிக்கக்கூடிய சட்டகம் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று.

தமிழகத்திலும் துணியில் ஓவியம் தீட்டுவது பழைய வழக்கமே. ஆனால் இங்கே துணியைச் சட்டகத்தில் இழுத்துக் கட்டவில்லை. கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களின் கலம்காரித் துணிகள் கோயில்களில் தொங்கலாக விடப்பட்டன. தஞ்சாவூர் ஓவியத்தில் துணியைப் பலகையோடு ஒட்டிவிடுவர். இழுத்துக் கட்டிய கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டும் முறைக்கு இந்திய அளவில் பெரும் புகழ் தேடித் தந்தவர் இராஜா ரவி வர்மா (1848–1906). சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியும், அதன் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் தமிழகத்தில் கித்தான் ஓவியத்தை நிலைபெறச் செய்தன.

எளிய வீடுகளுக்குள் நுழைந்தது கித்தான் அன்று, அச்சுப்படம். ரவி வர்மா 1894இல் நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்களும், பின்னாளில் சிவகாசியில் அச்சான நாட்காட்டிச் சாமி படங்களும் கண்ணாடி போட்ட சட்டத்தில் ஏறின. காகிதத்துக்குக் கண்ணாடி தேவை. ஆகவே சிற்றூர்ப் படக்கடைகளின் கைத்திறன் முழுவதும் காகிதத்துக்கும் ஒளிப்படத்துக்கும் உரியதாக வளர்ந்தது. படக்கடைக்காரர் கித்தானுக்கும் கண்ணாடி போடுவது இந்தப் பழக்கத்தால்தான். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

துணியின் இயல்பு

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் ஆகியவை நெசவு ஊர்கள். அங்கு வளர்ந்த எவருக்கும் கித்தானின் இயல்பைப் புரியவைப்பது எளிது. நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. தறியில் பாவு இழுவிசையில் நிற்கிறது; ஊடை அதனூடே வளைந்து வளைந்து செல்கிறது. எனவே நெய்து முடிந்த துணி இரு திசையிலும் ஒரே அளவாக நீள்வதில்லை. மூலைவாட்டில் இழுத்தாலோ இன்னும் எளிதாக நீண்டு கோணிவிடும். சட்டகத்தில் கட்டும்போது பாவு நூல் ஒரு சட்டத்துக்கும் ஊடை நூல் அடுத்த சட்டத்துக்கும் நேர் இணையாக இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

பாவுக்குக் கஞ்சி போடுவது போலவே கித்தானுக்கும் வரைவதற்கு முன் பசையும் அடிப்பூச்சும் போடப்படுகின்றன. கஞ்சி நூலை விறைப்பாக்குகிறது. கித்தானின் பூச்சு அதோடு மற்றொரு வேலையும் செய்கிறது: எண்ணெய் நேரடியாக நூலில் இறங்கினால் நூல் நாளடைவில் மக்கிப்போகும், பூச்சு அதைத் தடுக்கிறது.

கடையில் கிடைக்கும் கித்தான் பெரும்பாலும் பருத்தி. ஆளி நாரில் நெய்தது விலை கூடியது. நீண்ட நாள் இழுவையைத் தாங்குவது. பழைய திரைப்பட விளம்பரப் பதாகை ஓவியர்கள் காடாத் துணியைக் கொண்டே பெரும் பதாகைகளைத் தீட்டினர். ஒரு படம் ஓடும் நாள்வரை நின்றால் போதும் என்பதற்கு அது சரி. வீட்டில் தலைமுறைக்கு நிற்கவேண்டிய படத்துக்குக் காடா மெலிது. சேலைத் துணி அதனினும் மெலிது.

ஈரக்காற்றில் நூல் உப்பும், வறண்ட காற்றில் ஒடுங்கும். மேலுள்ள பூச்சும் வண்ணமும் வேறு அளவில் அசையும். மரமோ நீளவாக்கில் ஏறத்தாழ அசைவதே இல்லை. ஆண்டிபட்டி மலைமறைவுப் பகுதியில் உள்ளது. கம்பம், போடி பக்கம் சாரல் அடிக்கும்போதும் இங்கே ஆடி மாதத்தில் காற்றும் புழுதியுமே மிகுதி. பங்குனி, சித்திரையில் வறண்ட வெயில்; ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆண்டுக்கு ஒருமுறை இந்த இரு எல்லைகளுக்கும் இடையே துணி போய்வருகிறது. பூச்சின் வகையைப் பொறுத்துச் சில படங்கள் மழைக்காலத்தில் தொய்யும், சில இறுகும். இரண்டுமே இயல்பு.

உள்சட்டகம்

துணியைத் தாங்கும் மறைவான சட்டகம் உள்சட்டகம். பார்வைக்காக வெளியே இடப்படுவது வெளிச்சட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்வதே பலர் செய்யும் முதற்பிழை.

உள்சட்டகத்துக்கு நன்றாகக் காய்ந்த நேரான மரம் வேண்டும். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும்; மா மரம் உளுத்துப்போகும். மலைத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல்மரமாக வளர்க்கப்படும் சில்வர் ஓக் விலை மலிவு. பின்னூசி எளிதாக இறங்கும். பழைய கதவு, சன்னல்களைப் பிரித்தெடுத்த தேக்குச் சட்டம் கிடைத்தால் அதைவிட நல்லதில்லை. பல ஆண்டு வெயில் மழை பார்த்து அடங்கிய மரம் இனிப் புதிதாக முறுக்குவது அரிது. ஆணித் துளைகளில் பழைய இரும்புத் துண்டு உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். துருக்கறை துணிக்கு ஏறும்.

2 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள படத்துக்கு முக்கால் அங்குலக் கனமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள சட்டங்கள் போதும். 3 அடி நீளமுள்ள பக்கங்களை நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைப்பது நல்லது. இல்லாவிட்டால் துணியின் இழுவையில் அவை உள்நோக்கி வளையும்.

தச்சரிடம் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முதலாவது, சட்டத்தின் முன்முகம் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சரிவாக இழைக்கப்படவேண்டும். துணி வெளி விளிம்பை மட்டுமே தொடவேண்டும். சரிவு இல்லாவிட்டால் உள் விளிம்பின் தடம் நாளடைவில் ஓவியத்தின் முன்புறம் நான்கு கோடுகளாகத் தெரியும். இரண்டாவது, மூலைகளில் பசையும் ஆணியும் கூடாது. ஒரு சட்டத்தின் முனை நாக்குப்போல் மற்றதன் பிளவில் செருகி நிற்கவேண்டும். உள்மூலையில் விட்ட இடைவெளியில், மூலைக்கு இரண்டாக எட்டு மர ஆப்புகள் செருகப்படும். தட்டினால் சட்டகம் சற்று விரிந்து துணி இறுகும். உறுதியாகச் செய்து தருவதையே பெருமையாகக் கொண்ட தச்சருக்கு, ஆட்டம் காணும் மூலை வேண்டும் என்று சொன்னால் முதலில் வியப்பாகவே இருக்கும். கட்டிலின் கால் போல அன்று, பறையின் வார் போல என்று சொன்னால் விளங்கும்.

சட்டகம் சதுரமாக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தைவிட மூலைவிட்டம் நன்றாகக் காட்டும். 24 × 36 அங்குலச் சட்டகத்தில் எதிர் மூலைகளுக்கு இடையே இருபுறமும் ஏறத்தாழ 43¼ அங்குலம் இருக்கவேண்டும். பள்ளியில் படித்த பித்தாகரசு தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. இரு அளவுகளும் சமமாகும்வரை மூலையைத் தட்டிச் சரிசெய்தபின், சட்டகம் அசையாதபடி மூலைகளில் சிறு மெல்லிய பட்டைகளைத் தற்காலிகமாக அடித்துக்கொள்ளலாம். துணி கட்டி முடித்ததும் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

இழுத்துக் கட்டுதல்

துணியின் அளவு சட்டகத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது. 24 × 36 சட்டகத்துக்கு 28 × 40 துணி. கல்லூரியிலிருந்து கழற்றி வந்த ஓவியமானால் பழைய மடிப்புத் தடம் இருக்கும். அதையே எல்லையாகக் கொள்ளவேண்டும்.

சுருட்டிக் கிடந்த ஓவியத்தை உடனே விரித்து இழுக்கக்கூடாது. சூடாகவும் குளிராகவும் இல்லாத அறையில், சுத்தமான வேட்டியை விரித்து, அதன்மேல் வண்ணப்பக்கம் மேலாக ஓரிரு நாள் கிடத்தி வைத்தால் சுருள் தானே தளரும். முரண்டு பிடிக்கும் ஓரங்களில் மட்டும் புத்தகங்களை வைக்கலாம். சுருட்டும்போதே வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயின் மேல் சுருட்டியிருந்தால் சேதம் குறைவு. உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு சுருங்கும், விரிக்கும்போது நொறுங்கும். ஆனால் பெரும்பாலோர் வண்ணத்தைக் காப்பதாக எண்ணி உள்ளேதான் வைக்கிறார்கள்.

தளர்ந்த ஓவியத்தை முகம் கீழாகத் திருப்பிப் பின்புறத்தில் சட்டகத்தை வைத்து, நூல் ஓட்டம் சட்டத்துக்கு இணையாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். பிறகு நீண்ட பக்கத்தின் நடுவில் துணியை மடித்து, சட்டத்தின் பின்முகத்தில் ஒரு பின். நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவில் இழுத்துப் பிடித்து அடுத்த பின். அடுத்து, குறுகிய பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. இப்போது துணியில் நான்கு புள்ளிகளையும் இணைக்கும் சாய்சதுரம் போன்ற சுருக்கம் தெரிந்தால் இழுவை சரி. அதன்பின் நடுவிலிருந்து மூலையை நோக்கி, ஒரு பக்கத்தில் இரண்டு பின், எதிர்ப்பக்கத்தில் இரண்டு பின் என மாறி மாறிச் செல்லவேண்டும். பின்களுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் போதும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் துணி கோணிக்கொள்ளும். அதைப் பிறகு சரிசெய்ய எல்லாவற்றையும் பிடுங்கத்தான் வேண்டும்.

இழுப்பதற்கு அகன்ற வாய் கொண்ட தனிக் குறடு உண்டு. அது இல்லாதபோது விரல்களால் இழுப்பதே மேல். சாதாரணக் குறட்டின் பல் துணியைக் கிழிக்கும். பின் அடிக்க ஸ்டேப்ளர் கன் வசதியானது. துருப்பிடிக்காத பின் சற்று விலை கூடினாலும் வாங்கத் தகுந்தது. ஸ்டேப்ளர் இல்லாத வீட்டில் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் குட்டை ஆணியும் உதவும். பசை மட்டும் கூடவே கூடாது. ஒட்டியதைப் பின்னர் எடுப்பதற்கு வழியில்லை.

மூலையில் மிஞ்சும் துணியை வெட்டக்கூடாது. பரிசுப்பொருளுக்குக் காகிதம் சுற்றுவது போல உள்ளே மடித்து, மடிப்பு மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் வரும்படி, பக்கவாட்டில் தெரியாமல் அடிக்கவேண்டும்.

வெற்றுத் துணியாக இருந்தால் பறைபோல் ஒலிக்கும்வரை இழுக்கலாம். வரைந்த ஓவியத்தை அவ்வாறு இழுக்கக்கூடாது. தொய்வும் அலையும் இன்றிச் சமமாக நின்றால் அதுவே போதும். எஞ்சிய சிறு தொய்வை ஆப்பால் எடுக்கலாம். எட்டு ஆப்புகளையும் ஒரே அளவாக, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். அப்போது ஆப்புக்கும் துணிக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டால் சுத்தியல் தவறிப் பட்டாலும் துணியில் புடைப்பு வராது. பின்புறம் தண்ணீர் தெளித்துத் தொய்வை எடுக்கும் வழக்கம் ஓவியர் சிலரிடம் உண்டு. பூச்சு எதுவென்று தெரியாத ஓவியத்தில், பழைய எண்ணெய் ஓவியத்தில் குறிப்பாக, அதைத் தவிர்க்கவேண்டும். நனைந்த துணி சட்டென்று சுருங்கினால் வண்ணம் செதில் செதிலாகக் கழன்றுவிடும்.

பூச்சு ஏற்கெனவே உதிரத் தொடங்கிய ஓவியத்தை வீட்டில் இழுத்துக் கட்டவே கூடாது. தட்டையாகக் கிடத்தி, ஓவியம் பேணும் பயிற்சி பெற்றவரிடம் காட்டும்வரை தொடாமல் வைப்பதே அதற்குச் செய்யும் உதவி.

வெளிச்சட்டமும் கண்ணாடியும்

கித்தான் ஓவியத்துக்கு வெளிச்சட்டம் கட்டாயமன்று. ஓரங்களிலும் வண்ணம் தீட்டிய ஓவியம் அப்படியே நன்றாக இருக்கும். ஆனால் சிறுவர் ஓடியாடும் வீட்டில் மூலை அடிபடாமல் காக்க வெளிச்சட்டம் உதவும். மரச்சட்டத்தின் உட்புறக் காடியில் ஓவியம் அமரும். காடியின் சுவருக்கும் ஓவியத்துக்கும் இடையே சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். ஆப்பைத் தட்டினால் உள்சட்டகம் விரிவதற்கும் இடம் வேண்டுமல்லவா? ஓவியத்தை ஆணியால் குறுக்கே அறையாமல், வளைத்த தகட்டுப் பட்டைகளைத் திருகாணியால் பொருத்திப் பிடிக்கச் செய்வதே முறை.

கண்ணாடி வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று மாதக்கணக்கில் காய்கிறது. அக்ரிலிக் விரைவில் காய்ந்தாலும் வெயிலில் இளகும் தன்மை உடையது. ஆண்டிபட்டிக் கோடையில் கண்ணாடியோடு ஒட்டிய அக்ரிலிக் ஓவியத்தைப் பிரிக்க முயன்றால் கண்ணாடியோடு வண்ணமும் வரும். ஒட்டாவிட்டாலும் மழைநாளில் உள்ளே வியர்த்து, வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி வேண்டியே தீரும் இடத்தில், அது ஓவியத்தைத் தொடாதபடி நடுவில் பட்டை கொடுத்து விலக்கி வைக்கவேண்டும். லேமினேஷன் செய்வது ஓவியத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

பின்புறம் திறந்தே கிடந்தால் புழுதியும் பூச்சியும் சேரும். சில துளைகள் இட்ட மெல்லிய அட்டையைத் திருகி மூடலாம். அட்டையின் உட்புறத்தில் ஓவியத்தின் பெயர், தீட்டியவர், ஆண்டு, வண்ணத்தின் வகை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைப்பது நல்ல வழக்கம். பேனாவால் துணியின் பின்புறம் எழுதினால் மை முன்புறம் ஊறும்.

சுவரும் மாட்டுதலும்

முதலில் சுவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரும், மழை நேரே அடிக்கும் வெளிச்சுவரும் ஓதம் ஏறும். சமையலறைப் புகை, பூசை விளக்கின் கரி ஆகியவை வண்ணத்தில் படியும். மேற்கு வெயில் விழும் சுவர் நிறத்தை வெளுக்கச் செய்யும். வீட்டின் உட்சுவரே சிறந்தது.

பழைய வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, முன்சாய்வாகக் கட்டுவார்கள். அண்ணாந்து பார்ப்பதற்கு அந்தச் சாய்வு. பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டுவதும் உண்டு. கித்தான் ஓவியத்தை நின்று பார்க்கும் கண்மட்டத்தில் மாட்டவேண்டும். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் அமைந்தால் சரியாக இருக்கும்.

சுவரின் சிமெண்டுப் பூச்சு அரை அங்குல அளவுதான். சிறு ஆணி பூச்சில் மட்டும் நின்று, ஒருநாள் காரையோடு பெயர்ந்து விழும். 6 மில்லிமீட்டர் துளையை செங்கல்வரை ஒன்றரை அங்குல ஆழம் இட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகாணி போடவேண்டும். மண்சுவரானால் அகலமான மரக்கட்டையைப் பதித்துப் பூசி, காய்ந்தபின் அதில் திருகலாம்.

படத்தின் பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருபுறமும் வளையம் பொருத்திக் கம்பி கட்டுவர். கம்பியை விறைப்பாகக் கட்டுவதே பாதுகாப்பு என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. 4 கிலோ எடையுள்ள படத்தின் கம்பி கிடைமட்டத்தோடு 60 பாகை சாய்ந்திருந்தால், கம்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 2.3 கிலோ எடைக்குச் சமமான இழுவை இருக்கும். 30 பாகையில் அது 4 கிலோ. 15 பாகையில் 7.7 கிலோ. எடையை, சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் இந்த அளவுகள் கிடைக்கும். விறைத்த கம்பி வளையத்தைப் பிடுங்குவதோடு பக்கச் சட்டங்களையும் உள்நோக்கி வளைக்கிறது. கம்பியே இல்லாமல் இரு வளையங்களையும் இரு திருகாணிகளில் நேராக மாட்டுவது இன்னும் நல்லது. ஒவ்வொன்றும் பாதி எடையை மட்டுமே சுமக்கும், படமும் கோணாது. இரு திருகாணிகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும்.

படத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குலக் கனத்தில் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். சுவரின் ஓதம் துணிக்கு ஏறாது. ஆடிக் காற்றில் சன்னல் திறந்திருக்கும்போது படம் சுவரில் மோதி அடிபடுவதும் இதனால் குறையும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்த பிறகும் தை மாதத்திலும், படத்தை இறக்கிப் பின்புறம் பார்க்கவேண்டும். குளவிக் கூடு, இராமபாணப் பூச்சி, சுவரிலிருந்து ஏறும் கரையான் தடம் ஆகியவை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முன்புறத் தூசியை மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் போதும். ஈரத்துணி, சோப்பு, தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. மழைக்காலத்தில் தொய்வு கண்டால் உடனே ஆப்பைத் தட்டக்கூடாது. தை பிறந்து காற்று காய்ந்தபின் அது தானே இறுகுவதுண்டு. மழையில் தட்டி இறுக்கிய துணி சித்திரை வெயிலில் அளவுக்கு மீறி இறுகி வெடிக்கும். ஈரம் போனபிறகும் தொய்வு நீடித்தால் மட்டும் ஆப்புகளை ஒவ்வொரு தட்டு உள்ளே செலுத்தலாம்.